முதுமையில் வரும் மறதிநோயும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வரவு செலவும் கட்டடப் பணியும் பேசப்படும் இந்த அவையில், நம் வீடுகளுக்குள் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும் ஒரு துயரத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறோம். வாப்பா என்றும் அத்தா என்றும் உம்மா என்றும் நாம் அழைத்து வளர்ந்தவர்கள், ஒரு நாள் நம்மைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும் நோய் அது. மருத்துவ உலகம் அதனை அல்சைமர் என்கிறது.

திருக்குர்ஆன் இந்நிலையைப் பேசாமல் விடவில்லை. எல்லாம் அறிந்திருந்த மனிதர் எதையும் அறியாதவராகித் தளர்ந்துபோகும் முதுமைக்குத் திருப்பப்படுவதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனமும், அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆம் வசனமும் குறிப்பிடுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தகைய முதுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தி அன்று.

நோயின் இயல்பு

ஜெர்மனி நாட்டின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு ஆகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரைக்கூட எழுதி முடிக்க அவரால் இயலவில்லை. 1906ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவரது மூளையை ஆராய்ந்து, அதில் படிந்திருந்த கறைகளையும் முறுக்கேறிய இழைகளையும் கண்டு அதே ஆண்டில் அறிவித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மறதிநோய்களில் பல வகை உண்டு. அவற்றுள் 60 முதல் 70 விழுக்காடு வரை அல்சைமர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

2023ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு காட்டியது. வாசுதேவநல்லூர் போன்ற ஊருக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

முதலில் அண்மை நிகழ்வுகள் மறக்கின்றன. காலையில் உண்டது மறந்துவிடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய திருமணம் நினைவில் நிற்கும். அடுத்த கட்டத்தில் நாளும் நேரமும் வழியும் குழம்புகின்றன. சந்தேகமும் கோபமும் எழுகின்றன. தாமே எங்கோ வைத்த நகையை மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று உம்மா சொல்லும் கட்டம் இதுவே. இறுதிக் கட்டத்தில் பேச்சும் நடையும் விழுங்கும் ஆற்றலும் குறைகின்றன.

இதனை அறியாமையால் நாம் எத்தனை மருமகள்களைப் பழித்திருப்போம்! கோவாவில் நடத்தப்பட்டு 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மறதிநோயின் அறிகுறிகளை மக்கள் முதுமையின் இயல்பாகவோ, குடும்பத்தாரின் புறக்கணிப்பால் வந்ததாகவோ கருதுவதை எடுத்துக்காட்டியது. நம் ஊரும் இதற்கு விலக்கன்று. நோய் சொல்லும் சொல்லை உண்மை என்று ஏற்றுத் தெருவில் பரப்புவது, இரவு பகலாய்ப் பணிவிடை செய்யும் ஒரு பெண்ணின் மீது நாம் சுமத்தும் அநீதியாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மறதி கண்டவுடன் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடலாகாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவை சரிசெய்யக் கூடியவை. திடீரெனக் குழப்பம் மிகுந்தால் சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அல்சைமரை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. டோனெப்சில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் துணை செய்கின்றன. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு முழு ஒப்புதல் பெற்ற லெகானமாப் என்னும் ஊசி மருந்தும் தொடக்க நிலையினருக்கு நோயின் வேகத்தைச் சற்றே குறைப்பதுதான். எனவே பராமரிப்பே இதில் பெரும் மருந்து.

என்றோ வஃபாத்தான கணவரை "எங்கே காணோம்?" என்று உம்மா கேட்டால், "அவர் மவுத்தாகிவிட்டார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, ஒவ்வொரு முறையும் புதிய மரணச் செய்தியைச் சொல்வதாகும். வாதாடாமல், அவரைப் பற்றிய பழைய பேச்சை எடுத்து ஆற்றுப்படுத்துவதே நலம். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் மென்மையாகவே விடை சொல்ல வேண்டும். பெற்றோரிடம் சலிப்பின் மிகச் சிறிய சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்னும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம், அவர்கள் முதுமையை அடையும் காலத்தையே சுட்டுகிறது. அக்கட்டளையின் கனம் இத்தகைய வீட்டில்தான் முழுமையாக விளங்கும்.

இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். எரிவாயு அடுப்பை அவர்கள் தனியே தொடாதவாறு காத்திடுங்கள். சட்டைப் பையில் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். நள்ளிரவைப் பஜ்ர் நேரம் என்று எண்ணிக் கதவைத் திறந்து வெளியேறுவோர் உண்டு. மதுரைக்கும் கொல்லத்திற்கும் லாரிகள் விரையும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்வதை மறவாதீர்கள். படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், நிமிர்த்தி அமர்த்தி உணவூட்டுவதும் புண்ணையும் புரையேறுதலையும் தடுக்கும்.

மார்க்கமும் சட்டமும்

தொழுகையில் ரக்அத் மறந்து மீண்டும் மீண்டும் நிற்பவரையும், பிறர் செருப்பை அணிந்து செல்பவரையும் பள்ளிவாசலில் எவரும் கடிந்துகொள்ள வேண்டா. அறிவுத் தெளிவை இழந்தவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்களை, நோயின் நிலையைச் சொல்லி இமாம் அவர்களிடம் கேட்டறியுங்கள். நாவில் ஊறிய பாத்திஹா சூரா, பிள்ளைகளின் பெயர் மறந்த பின்னும் பலரிடம் எஞ்சியிருக்கும். அருகில் அமர்ந்து நீங்கள் ஓதினால் அவர்களும் உடன் ஓதக்கூடும்.

அறிவு மங்கியவரிடம் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்குவது மாபெரும் பாவம். தெளிந்த அறிவின்றிச் செய்த ஹிபா மார்க்கத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஒப்பந்தத்திற்குத் தெளிந்த மனநிலையைக் கட்டாயமாக்குகிறது. முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் இந்நோயால் பீடிக்கப்பட்டபோது, அவரைப் பராமரிப்பது யார் என்ற பிணக்கு 2010ஆம் ஆண்டில் டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. நம் குடும்பங்களில் அத்தகைய பிணக்கு நீதிமன்றம் ஏறும் முன், ஜமாஅத் அமர்ந்து தீர்த்து வைக்க வேண்டும்.

ஜமாஅத்தின் பங்கு

வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்புகிறான். ஆனால் ஓர் இரவு முழுவதும் உறங்க அவன் மனைவிக்கு வழியில்லை. பணத்தால் தீராத இக்குறையை நாம் தீர்க்கலாம். எனவே நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, இத்தகைய வீடுகளின் விவரத்தை நிர்வாகம் இரகசியம் காத்துத் திரட்ட வேண்டும். இரண்டாவது, வாரம் ஒரு நாள் சில மணி நேரம் ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் துணையிருக்க இளைஞர்களும் சகோதரிகளும் முன்வர வேண்டும். மூன்றாவது, முதியவர் எவரேனும் காணாமற்போனால் தாமதமின்றிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். நான்காவது, 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் உள்ளோருக்கு வீட்டிலேயே கிடைக்கும் பணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும். முதியோர் உதவி எண் 14567.

நடு வயதினருக்கும் ஒரு சொல். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், காது கேளாமை, தனிமை ஆகியன உள்ளிட்ட 14 காரணங்களைச் சீர்செய்தால் உலகில் மறதிநோயின் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024ஆம் ஆண்டு லான்செட் ஆணையம் கணித்தது. ஐவேளையும் பள்ளிக்கு நடந்து வந்து நான்கு பேரிடம் நலம் விசாரிப்பதும் இதற்குத் துணையாகும்.

நம் பெற்றோர் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறத்தல் தகாது. சிறு வயதில் அவர்கள் நம்மைப் பரிவுடன் வளர்த்ததுபோல், யா அல்லாஹ், அவர்கள் மீது நீ பரிவு காட்டுவாயாக! பணிவிடை செய்யும் கரங்களுக்கு வலிமையையும் பொறுமையையும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.