விழிக்க இயலாத கனவு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இரவிலும் பகலிலும் மனிதன் உறங்குவது அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்று என்பதை ஸூறத்துர் ரூமின் 23ஆம் வசனம் நமக்கு நினைவூட்டுகின்றது. உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கம் ஓய்வு. கவலையுற்ற உள்ளத்துக்கு அது ஆறுதல். ஆயினும் நம் இளைஞர், யுவதிகளுள் சிலருக்கு அவ்வுறக்கமே அச்சமூட்டும் ஒன்றாக மாறிவிடுகின்றது. அவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் இன்று சிறிது உரையாட விரும்புகின்றேன்.

ஓர் இளைஞர் கனவு காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். தாம் காண்பது கனவே என்பது கனவுக்குள்ளேயே அவருக்குத் தெரிகின்றது. விழித்துவிட முயல்கின்றார்; முடியவில்லை. எழுந்து அமர்ந்து உம்மாவை அழைத்ததாக உணர்கின்றார். அதுவும் கனவே என்று மறுகணம் அறிகின்றார். கூக்குரலிட வாய் திறந்தால் ஓசை வருவதில்லை. ஒருவாறு கண் திறந்த பின்னரும் கை கால்கள் அசைய மறுக்கின்றன. நெஞ்சின் மீது யாரோ ஏறி அமர்ந்தாற் போன்ற பாரம். இனி ஒருபோதும் விழிக்கமாட்டேனோ என்ற திகில் அவரை ஆட்கொள்கின்றது. மறுநாள் இரவு படுக்கைக்குச் செல்லவே அஞ்சுகின்றார்.

இந்நிலை புதியதன்று. நெஞ்சை அழுத்தும் இவ்வனுபவத்தை நம் மூத்தோர் அமுக்குவான் என்றனர். அரபு மருத்துவ நூல்கள் அதற்குக் காபூஸ் எனப் பெயரிட்டன. கி.பி. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஸீனா, தமது அல்கானூன் பித்திப் என்னும் நூலில் காபூஸை ஒரு நோயாகவே எடுத்து ஆராய்ந்தார். அக்காலத்து மருத்துவர் கூறிய காரணங்கள் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் இதன் காரணத்தை உடலில் தேடினார் என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

இன்றைய அறிவு கூறுவது என்ன? 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளெயிற்மன் என்ற இரு ஆய்வாளர்கள், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் ஓர் உறக்க நிலையை அறிவித்தனர். தெளிவான கனவுகளிற் பெரும்பாலானவை அந்நிலையிலேயே தோன்றுகின்றன. அப்போது மூளை சுறுசுறுப்பாக இயங்கும். ஆனால் மூளைத்தண்டிலிருந்து செல்லும் கட்டளைகள் கை கால் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். கனவில் ஓடுபவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாதிருப்பதற்கான பாதுகாப்பு அது. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்குரிய பிரதான தசையாகிய உதரவிதானமும் அத்தளர்ச்சிக்கு உட்படுவதில்லை.

1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், கனவென்று அறிந்தே கனவு கண்டுகொண்டிருந்த ஒருவர் தம் கண்களை அசைத்து வெளியுலகிற்குச் சைகை காட்டியதைக் கருவியிற் பதிவு செய்தார். உணர்வு விழித்தாலும் உறக்கம் தொடரலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆகவே, அன்பு இளைஞரே! நீங்கள் எங்கும் அடைபடவில்லை. உங்கள் அறிவு சற்று முந்தி விழித்துக்கொண்டது. உடலின் உறக்கம் இன்னும் கலையவில்லை. அவ்வளவே நிகழ்ந்தது. மூச்சு நின்றுவிடுமோ என்று தோன்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கின்றது. சில வினாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், அந்நிலை தானாகவே நீங்கிவிடும். நீங்கள் தனித்தவரும் அல்லர். முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த ஒரு கட்டுரை, உடல் அசையாதிருக்கும் இவ்வனுபவம் பொதுமக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கும், மாணவருள் நூற்றுக்கு 28 பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் ஏற்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது.

அவ்வேளையில் செய்ய வேண்டியது யாது? போராட வேண்டாம். போராட்டம் திகிலை வளர்க்கும். உள்ளத்தால் அல்லாஹ்வை நினைவு கூருங்கள். நாவு அசையாவிட்டாலும் உள்ளம் திக்ரு செய்யும். மூச்சை மெதுவாக விடுங்கள். கண்களை இடமும் வலமும் அசையுங்கள். பின்னர் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள்.

விழித்தபின் செய்ய வேண்டியவற்றை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். தீய கனவு கண்டவர் இடப்புறம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, ஷைத்தானின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, படுத்திருந்த பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது அவருக்குத் தீங்கிழைக்காது. தம் தலை துண்டிக்கப்பட்டு உருண்டோடக் கண்டதாக வந்து கூறிய ஒரு கிராமவாசியிடம், அத்தகைய கனவைப் பிறரிடம் சொல்லித் திரிய வேண்டாம் என்று அன்னார் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகின்றது. உறங்குபவர் விழிக்கும்வரை அவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பதும் நபிமொழியே. எனவே கனவில் செய்த செயலுக்காகக் குற்றவுணர்வில் வாடவும் வேண்டியதில்லை.

பெற்றோர்களே! இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. ஜின்கள் இருப்பதை நாம் ஈமான் கொண்டுள்ளோம். ஆனால் பிள்ளை அஞ்சி எழுந்த ஒவ்வோர் இரவையும் ஜின்னின் வேலையென்று தீர்ப்பளிக்கும் அறிவு நமக்குத் தரப்படவில்லை. "உனக்குப் பிடித்திருக்கிறது" என்று கூறி, தகடும் நூலும் கட்டுவோரிடம் பிள்ளையை இழுத்துச் சென்றால் விளைவு என்ன? அச்சம் இரட்டிப்பாகும். அஞ்சியவன் உறங்கமாட்டான். உறக்கம் குறைந்தவனுக்கு இதே நிலை அடிக்கடி திரும்பி வரும். அதைக் கண்டு அச்சம் உறுதிப்படும். தகடு விற்றவர் ஆதாயம் பெறுவார். பிள்ளை நிம்மதியை இழப்பான். "கோழைத்தனம்" என்று கேலி செய்வதும் ஏறக்குறைய அதே தீங்கையே விளைவிக்கும். முதலில் பிள்ளை சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். ஆயத்துல் குர்ஸியை ஓதி அவனருகில் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். மருந்தின் பாதி அதுவே.

வீட்டின் இரவு ஒழுங்கையும் கவனியுங்கள். உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற நேரம், மன அழுத்தம், மல்லாந்து படுத்தல் ஆகியன இந்நிலைக்கு வழிவகுப்பவை. பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு வரை விழித்து, ஸுபஹுத் தொழுதபின் மீண்டும் படுக்கும் மாணவருக்கு இது நேர்வது வியப்பன்று. கனவு மிகுந்த உறக்கம் இரவின் இறுதிப் பகுதியிலேயே நீளுகின்றது. அதற்காகத் தொழுகையை விட்டுவிட முடியுமா? இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. வலப்பக்கம் சாய்ந்து படுக்கப் பணித்தார்கள். கைத்தொலைபேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, நேரத்தோடு அந்த ஸுன்னாவின்படி உறங்கினால் பெரும்பாலும் போதுமானது. கனவை விருப்பம்போல் ஆளலாம் என்றெண்ணி, நடுநிசியில் மணி அடிக்க வைத்து எழுந்து மீண்டும் உறங்கும் பயிற்சிகளில் ஈடுபடும் இளைஞர்கள், தாமே தம் உறக்கத்தைக் குலைத்து இந்நிலையை வரவழைத்துக்கொள்ளலாம்.

இவை அடிக்கடி நிகழ்ந்தாலோ, பகலில் அடக்க முடியாத உறக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் திடீரெனத் துவண்டாலோ, உறக்கத்தில் மூச்சுத் திணறினாலோ, பழைய துயரமொன்று கனவில் திரும்பத் திரும்ப வந்து வாட்டினாலோ வைத்தியரிடம் செல்லத் தயங்காதீர்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

உறக்கத்தில் நம் உயிர்களைக் கைப்பற்றி, குறித்த தவணை வரை அவற்றைத் திருப்பி அனுப்புபவன் அல்லாஹ்வே என்று ஸூறத்துஸ் ஸுமர் கற்பிக்கின்றது. அவனிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குவோம். நம் பிள்ளைகளின் இரவுகளை அவன் அமைதியாக்கி வைப்பானாக! ஆமீன்.