கல்லூரியிலிருந்து எதைக் கொண்டு வரப் போகிறீர்கள்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரிசல்ட் வந்ததிலிருந்து நம் கடைவீதிகளில் ஒரே பேச்சுதான். "ஹஜ்ரத், மூணு வருஷம் பையனைக் காலேஜுக்கு அனுப்பி என்ன கிடைக்கப் போகுது? அந்த மூணு வருஷம் கடையில் உட்கார்ந்தால் தொழிலைக் கற்றுக்கொள்வான். வெளிநாடு போனால் வீட்டுக் கடனை அடைப்பான்" என்கிறார்கள்.

இதைக் கேட்டுக் கோபப்படுவதில் நியாயமில்லை. கேட்பவர் கணக்குத் தெரிந்த வியாபாரி. மூன்று வருடத்துக் கல்விக் கட்டணம் ஒரு பக்கம், மூன்று வருடத்துச் சம்பாத்தியம் மறுபக்கம் என்று எடை போடுகிறார். கல்லூரியிலிருந்து கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டும்தான் என்றால் அவர் சொல்வதே சரி என்று நானும் சொல்லிவிடுவேன். வேறு எதுவும் கிடைக்கிறதா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கடை கற்றுத்தருவது எது?

முதலில் கடைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அதிகாலையில் எழுவதை, வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசுவதை, கடன் கொடுக்கவும் கொடுத்த கடனை வாங்கவும் கடை கற்றுத்தருகிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத படிப்பு அது.

ஆனால் கடையில் உங்கள் மகன் முதலாளியின் மகன். அவன் போட்ட கணக்குத் தப்பாக இருந்தாலும் கடைப்பையன் சொல்ல மாட்டான். வருகிறவர்களோடு அவனுக்குள்ள உறவு வாங்குவதும் விற்பதும் மட்டுமே. கல்லூரியிலோ அவன் யார் மகன் என்று எவருக்கும் தெரியாது. அவனும் வரிசையில் நிற்க வேண்டும். தப்பான பதில் சொன்னால் நாற்பது பேர் முன்னிலையில் "தப்பு, உட்கார்" என்பார்கள். பதினெட்டு வயதில் இந்த அனுபவம் கிடைக்காதவன், முப்பது வயதில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நிற்கும்போது தடுமாறுகிறான்.

ஒரே அறையில் மூன்று பேர்

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அறிந்தவர், 2002 முதல் 2007 வரை இந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அவர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. 1950இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். அது கிறிஸ்தவப் பாதிரிமார்கள் நடத்தும் கல்லூரி. விடுதியில் அவருடைய அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார், இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். இதை அவரே தம் சுயசரிதையான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். அதுமட்டுமல்ல, மூன்றாம் வருடத்தில் அந்த விடுதியின் சைவ மெஸ்ஸுக்கு அவரைத்தான் செயலாளராக ஆக்கினார்கள்!

சிந்தித்துப் பாருங்கள். சைவ உணவு சாப்பிடுகிற மாணவர்கள், தங்கள் சமையலைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு முஸ்லிம் மாணவரிடம் ஒப்படைக்கிறார்கள். மெஸ் செயலாளர் வேலை எப்படிப்பட்டது என்று விடுதியில் இருந்தவர்களைக் கேளுங்கள். காய்கறிக் கணக்கு, பால் கணக்கு, சமையல்காரரின் சண்டை, "சாம்பாரில் உப்பில்லை" என்ற புகார் எல்லாம் அவர் தலையில்தான். அந்த நம்பிக்கை மார்க்‌ஷீட்டில் வராது. கூடவே வாழ்ந்து பார்த்தவர்கள் மட்டுமே கொடுக்கக்கூடியது அது.

இன்றைக்கு நம் சமுதாயத்துக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். நம்மைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி கிளம்பும்போது, "இல்லை, எனக்குத் தெரியும். நான் மூன்று வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்தவன்" என்று சொல்ல ஒரு மாற்றுமதச் சகோதரர் வேண்டும். நூறு பொதுக்கூட்டம் போட்டாலும் அந்த ஒரு சாட்சிக்கு ஈடாகாது. அதேபோல, அவர்களைப் பற்றி நம் வீடுகளில் உள்ள தப்பெண்ணங்களும் அந்த அறையில்தான் கரையும்.

ஆனால் நடப்பது என்ன? நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கேயும் நம் ஊர்ப் பையன்களைத் தேடிப் பிடித்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டீக்கடையில் நின்று, மூன்று வருடத்தையும் முடித்துவிடுகிறார்கள். அப்படியென்றால் நீ கல்லூரிக்குப் போகவே இல்லை தம்பி, உன் தெருவிலேயேதான் இருந்திருக்கிறாய்!

வழி கேட்கத் தெரிய வேண்டும்

கலாம் அவர்கள் சொன்ன இன்னொரு செய்தியைப் பெற்றோர் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பி.எஸ்ஸி. சேர்ந்தபோது மேற்படிப்புக்கு வேறு வழிகள் இருப்பதே தமக்குத் தெரியாது என்கிறார். இயற்பியலை முடிக்கும் நேரத்தில்தான், தம் கனவுக்கு ஏற்றது பொறியியல் படிப்பு என்று புரிந்தது. 1954இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரால் புரட்ட முடியவில்லை. அவருடைய ராத்தா ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அவ்வளவு பெரிய மேதைக்கே அந்த வயதில் வழி சொல்ல ஆள் இல்லை. நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளையின் நிலை என்ன? 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் இருபது வயதைக் கடந்தவர்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் சுமார் 7 சதவீதம். முஸ்லிம்களில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த அறிக்கை சொன்னது. பல வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு படித்த மாமாவோ சாச்சாவோ கிடையாது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே கல்லூரிக்குப் போன பிள்ளை பெறவேண்டிய இரண்டாவது லாபம், கேட்கும் பழக்கம். எந்தப் படிப்புக்கு எங்கே போக வேண்டும், எந்த உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது, எந்த விண்ணப்பத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு 2007இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. சாதிச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடி அலைந்தால் ஒதுக்கீடு இருந்தும் என்ன பயன்?

அந்நியர் சொல்லும் குறை

மூன்றாவது லாபம் கொஞ்சம் கசக்கும். எம்.ஐ.டி.யில் கலாம் அவர்களும் நண்பர்களும் ஒரு போர் விமானத்தின் வடிவமைப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். பேராசிரியர் சீனிவாசன் பார்த்துவிட்டு, திருப்தியில்லை என்றார். மூன்று நாள் கெடு கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். உதவித்தொகை போனால் படிப்பும் போகும். இரவு பகலாக உட்கார்ந்து முடித்தார். முடித்த பிறகு அதே பேராசிரியர்தான் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார்.

அத்தா திட்டினால் ராத்திரி சோறு போடும்போது சமாதானமாகிவிடும். உறவில்லாத ஒருவர், "உன் வேலையில் இன்ன குறை இருக்கிறது" என்று சொல்லும்போது, ரோஷப்பட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்து அதைத் திருத்துகிற பக்குவம் இருக்கிறதே, அது வியாபாரத்துக்கும் வேண்டும், குடும்பத்துக்கும் வேண்டும், சமுதாயப் பணிக்கும் வேண்டும். மதரஸாவில் ஓதிய எங்களுக்கும் உஸ்தாதுமார்கள் அதைத்தான் கற்றுத்தந்தார்கள்.

வாங்கியவன் கொடுக்க வேண்டும்

நான்காவது, பொறுப்பு. ஸர் ஸையத் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது 1877இல் கல்லூரியாகி, 1920இல் பல்கலைக்கழகமானது. அந்தக் கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்ற ஓர் இந்து மாணவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அங்கே 1884இல் விவாத மன்றம் ஏற்பட்டது. எழுந்து நின்று பேசவும், எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும் மாணவர்கள் அங்கே பழகினார்கள். 1890இல் மாணவர்களே சேர்ந்து 'அஞ்சுமன் அல்ஃபர்ள்', அதாவது கடமைச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். விடுமுறை விட்டால் ஊர் ஊராகப் போய் ஏழை மாணவர்களுக்காக நிதி திரட்டினார்கள்.

படித்து முடித்து, வேலை கிடைத்து, சம்பாதித்த பிறகு சமுதாயத்துக்குச் செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. படிக்கும்போதே செய்தார்கள். நம் ஊரில் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் பிளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு வழிகாட்டினால், வெளியூரிலிருந்து ஆள் அழைத்து இப்படிக் கூட்டம் போடும் தேவையே இருக்காது.

வணிகப் பெருமக்களே!

நம் கல்லூரிகளைக் கட்டியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. 1951இல் சென்னை புதுக்கல்லூரி. அதே ஆண்டு திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரி. 1965இல் மேல்விஷாரத்தில் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் ஒரு கல்லூரி. தோல் மண்டியில் சம்பாதித்த பணம் இவற்றில் எவ்வளவு இருக்கிறது! அந்த முன்னோர்கள், "இதனால் நமக்கென்ன லாபம்" என்று கேட்டிருந்தால் ஒரு செங்கல்லும் வைத்திருக்க முடியாது.

தொழிலுக்காகவே பார்த்தாலும் காலம் மாறிவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றித் தீர்ப்பளித்தபோது, ரசாயனமும் சட்டமும் தெரியாமல் தொழில் நடத்த முடியாது என்ற நிலை வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மளிகைக் கடைக்கும் அதே நிலைதான். வருகிற நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை வேண்டாமா?

பெண் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1955இலேயே நீதிபதி பஷீர் அஹ்மத் ஸயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரி தந்துவிட்டார்கள். மகனுக்குத் தன்னம்பிக்கையும் பொறுப்பும் வேண்டும் என்றால், நாளை ஒரு வீட்டையே நடத்தப் போகிற மகளுக்கு அவை வேண்டாமா? மகனை அனுப்பிவிட்டு, அவனைவிட அதிக மார்க் வாங்கிய மகளை வீட்டில் உட்கார வைப்பது எந்த நீதி?

செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! லீவு நாட்களில் மகனைக் கடையில் உட்கார வையுங்கள், அதுவும் படிப்புதான். ஆனால் பண்டிகை வியாபாரம் என்று சொல்லிப் பரீட்சை நேரத்தில் இழுக்காதீர்கள். முடிந்தால் விடுதியில் விடுங்கள்.

மாணவர்களே! முதல் வருடத்திலேயே நான்கு காரியங்களைச் செய்துவிடுங்கள். நம் சமுதாயத்தைச் சேராத ஒருவரை நெருங்கிய நண்பராக்கிக் கொள்ளுங்கள். வகுப்பிலோ விடுதியிலோ மன்றத்திலோ ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் தவறை முகத்துக்கு நேரே சொல்லும் ஓர் ஆசிரியரிடம் அடிக்கடி போய் நில்லுங்கள். ஐவேளைத் தொழுகையை விடாமல் இத்தனையும் செய்ய முடியும். செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பட்டத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவீர்கள். அது சுவரில் இருக்கட்டும். அதைப் பெற்று வந்த பிள்ளையிடம் பக்கத்து வீட்டுக்காரர் நம்பி வந்து ஒரு மனு எழுதிக் கேட்கிறாரா, ஜமாஅத் ஒரு கணக்கை ஒப்படைக்கிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால், நீங்கள் செலவழித்த மூன்று வருடமும் லாபத்தில் சேர்ந்துவிட்டது என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகள் அத்தகையவர்களாகத் திரும்பி வர வல்ல இறைவன் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.