வேற்றுமையும் ஏற்றத்தாழ்வும்



வேற்றுமை, வேறுபாடு, பாகுபாடு, ஏற்றத்தாழ்வு என்னும் சொற்கள் இக்காலத்தே ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ஒரு தொடரில் ‘சாதி வேற்றுமை’ என்பார், மறுதொடரில் ‘சாதி ஏற்றத்தாழ்வு’ என்பார். இரண்டும் ஒன்றல்ல. ‘வேறு’ என்பதினின்று பிறந்தது வேற்றுமை. சாத்தனை, சாத்தனுக்கு, சாத்தனது எனப் பெயர்ச்சொல் உருபேற்றுப் பொருள் வேறுபடுவதனையே இலக்கண நூலார் வேற்றுமை என்றனர். ஐயுருபு உயர்ந்தது, குவ்வுருபு தாழ்ந்தது என்று எவரும் கூறிலர். பாகுபாடும் முதற்கண் பகுப்பு என்னும் அளவில் நின்ற சொல்லே. ஏற்றத்தாழ்வோ அத்தகையதன்று. ஏறுதலும் தாழ்தலும் அளவுகோல் ஒன்றனை முன்னிறுத்துவன. அக்கோலைப் பிடித்திருப்பவன் யாவன் என்னும் வினா அச்சொல்லுள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அதனை ‘வேற்றுமை’ என்று மென்மைப்படுத்துவோர் அவ்வினாவை மறைத்துவிடுகின்றனர். மாவும் பலாவும் வேறுபட்டு நிற்பதுபோல் மாந்தரும் நிற்கின்றனர், இதில் குறையென்ன என்று வழக்காட அவர்க்கு வாய்ப்பாகி விடுகிறது.

திருவள்ளுவர் 972-ஆம் குறளில் பிறப்பை எல்லார்க்கும் ஒப்ப வைத்து, வேற்றுமையைச் செய்தொழிலின்மேல் ஏற்றினார். புறநானூற்று 183-ஆம் பாட்டிலோ ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் நாற்பாலைச் சுட்டுங்கால் அதே வேற்றுமை என்னும் சொல்லை ஆள்கிறான். அடுத்தே கீழ்ப்பால், மேற்பால் என்கிறான். கீழ்ப்பாலான் கற்றால் மேற்பாலானும் அவன்பாற் செல்வான் என்பது அவன் கருத்து. கல்விக்கு அது பெருமையே. ஆயினும் கீழும் மேலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அந்நூலிலேயே கட்டில் பின்னுவானும் பறையறையும் கோல் ஏந்துவானும் ‘இழிசினன்’ எனப்படுகின்றனர். நாற்பால் வடவர் வகுப்பு என்று கூறி அமையலாம். இழிசினன் தூய தமிழ்ச்சொல். அதனை மறைத்தலால் ஆவதொன்றில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலில் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. இரந்து கேட்குமிடத்து ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று. ‘தா’ என்பது ஒப்போன் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று. நன்னூலும் இதனை வழிமொழிகிறது. ஒரே செயலுக்கு மூன்று வினைகள். கேட்பவனது நிலையே சொல்லைத் தெரிந்து தருகிறது. இன்று ‘ஈ’ பேச்சினின்று மறைந்தது. ‘தா’, ‘கொடு’ இரண்டையும் தாயிடத்துப் பிள்ளையும் பிள்ளையிடத்துத் தாயும் ஒருங்கே வழங்குகின்றனர். ஆணை எதுவும் இன்றியே ஒரு படிக்கட்டு தமிழில் இடிந்து போயிற்று.

இடியாத படிக்கட்டு பதிலிப்பெயரில் உளது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கினால் வந்த உயர்சொற் கிளவி, இலக்கண நெறிப்பட்டதன்று என்பது தொல்காப்பியர் துணிபு. ‘அவர் வந்தார்’ என்பது அங்ஙனம் வந்த மதிப்பே. எழுபது அகவை கடந்த உழவுத்தொழிலாளியை நிலக்கிழாரின் பத்து அகவைச் சிறுவன் ‘அவன்’ என்பான், ‘நீ’ என்பான், ‘வாடா’ என்பான். முதியவரோ அச்சிறுவனைச் ‘சின்ன ஐயா’ என்பார். இவ்வுரையாடலில் வடசொல் ஒன்றேனும் உண்டா? அத்தனையும் தமிழ். ‘சமத்துவம்’ என்பதனைச் ‘சமன்மை’ என்று திருத்தி எழுதும் கை, வாயிற்படியில் நிற்பவரை நோக்கி ‘அவனை இருக்கச் சொல்’ என்று காட்டுமாயின், திருத்தம் தாளோடு நின்றது.

பெயர்மாற்றம் வேண்டாததன்று. எம்.சி. இராசாவின் முயற்சியால் 1922-இல் அன்றைய சென்னை அரசு ‘பஞ்சமர்’ முதலிய பெயர்களை விடுத்து ‘ஆதிதிராவிடர்’ என்பதனை ஏற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. பதிவேட்டிற் பெயர் மாறியது. தெருவிற் பதிலிப்பெயர் மாறவில்லை. பதிவேட்டை அரசு திருத்தலாம், ‘அவனை’ ‘அவர்’ ஆக்க எந்த அலுவலகமும் இல்லை. செய்தித்தாள்களிலும் அமைச்சர் ‘வந்தார்’ என்றும் கிணறு வெட்டிய கூலியாள் மண்சரிந்து ‘இறந்தான்’ என்றும் எழுதும் வழக்கம் நெடுநாள் நின்றது. இறப்பிலுமா ஆர் விகுதிக்குத் தட்டுப்பாடு!

‘எல்லாரையும் அவர் என்றால் மதிப்பிற்கு மதிப்பேது?’ என்று வினவுவாரும் உளர். ‘தா’ எல்லார்க்கும் பொதுவானபின் கொடையின் மதிப்பு எங்கே குறைந்தது? நண்பரை ‘நீ’ எனலும் பிள்ளையை ‘வாடா’ எனலும் அன்பின்பாற் பட்டவை. அவரும் திரும்ப அங்ஙனமே அழைக்கலாம். திரும்ப அழைக்க இயலாத ‘நீ’யே ஈண்டுப் பேச்சு.

இக்கூட்டம் முடிந்தபின் பந்தலைப் பிரிக்கவும் ஒலிபெருக்கியை இறக்கவும் நால்வர் வருவர். அவரை அழைக்கச் செல்லும் அன்பர் எச்சொல்லால் அழைப்பார் என்பதனை அருகிருப்போர் சற்றே செவிமடுக்க வேண்டுகிறது இவ்வுரை.