சிரிப்பில் ஈறு மிகுதியாகத் தெரிவதேன்?



திருமண வீடுகளில் படம் எடுக்கும் வேளையில் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் இளம்பெண்களைக் காணாதார் இலர். சிரித்தால் பல்லைவிட ஈறே முன்னிற்கிறது என்ற கூச்சமே காரணம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பெற்ற மனமும் வருந்துகிறது.

முழுச் சிரிப்பில் மேல் ஈறு ஓரிரு மில்லிமீட்டர் தெரிவது இயல்பே. 3, 4 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதனை மிகுதி என்பர். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். வயது ஏறி மேலுதடு தாழத் தாழத் தானே குறைவதும் உண்டு.

காரணம் ஒன்றன்று, ஆகவே சிகிச்சையும் ஒன்றன்று. சிலருக்குப் பல் முளைத்த பின்னும் ஈறு உரிய இடத்திற்கு விலகாமல் பல்லை மூடி நிற்கும். பல் குட்டையாகத் தோன்றும். உண்மையில் ஈறே அதனை மறைத்திருக்கும். மிகையான ஈற்றைச் செதுக்கி, தேவையானால் அடியிலுள்ள எலும்பையும் சற்றுச் சீராக்கினால் போதும். வேறு சிலருக்கு உதட்டைத் தூக்கும் தசை அளவுக்கு மீறி இழுக்கும். போடாக்ஸ் ஊசி அதனைத் தளர்த்தும். சில மாதங்களில் பயன் தேய்ந்துவிடும், பணம் மறுபடியும் கரையும். உதட்டின் உட்புறத்தைத் தாழ்த்தித் தைக்கும் முறையை அர்ஜென்டினா மருத்துவர்கள் 1973-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். மேல்தாடை எலும்பே நீண்டிருந்தாலோ, தாடையை அறுத்து மேலேற்றும் பெரிய அறுவைதான் வழி. முகம் வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு அது பொதுவாக உகந்ததன்று.

முதியோர் செவிமடுக்க வேண்டியது இனி வருவது. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின், சிறுநீரக மாற்றுப் பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈற்றைத் தடித்து வளரச் செய்யும். பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் வீக்கம் மேலும் பெருகும். அதற்கென மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டா எனப் பார்ப்பார்; மருந்தை மாற்றிப் பல்லையும் தூய்மை செய்த பின், கத்தியே படாமல் வீக்கம் தணிந்தவர்களும் உளர்.

உதடு, பல், ஈறு, எலும்பு ஆகியவற்றை அளந்து பாராமல் ஊசியை எடுக்கும் அழகு நிலையங்களை நாடுதல் வேண்டா. மணநாள் குறித்த பின் அவசரமாக ஓடுவதிலும் பயனில்லை. செதுக்கிய ஈறு ஆறி, அதன் விளிம்பு நிலைபெறச் சில மாதங்கள் பிடிக்கும்.