யாழை மீட்போம், மீட்டுவோம்!

(திருவொற்றியூரில் நிகழ்ந்த இசைத்தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையின் முகப்பில் யாழின் படமொன்றை எழிலுற வரைந்து வைத்துள்ளீர்கள். ஆனால், அப்படத்தின்கீழ் அமர்ந்து பாடிய தம்பியர்க்குத் துணையாக ஒலித்தது ஆர்மோனியப் பெட்டி! குறை கூறுதற்காக இதனைச் சொன்னேன் அல்லேன். தமிழரின் இன்றைய நிலையே இதுதான். யாழ் நமக்குப் படமாக இருக்கின்றது, ஓசையாக இல்லை.

இத்திருவொற்றியூரை மூவரும் பாடினர். ஞானசம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழேந்தி ஊர்தோறும் சென்றார். யாழ் மறைந்தாலும், ஓதுவார் மரபினால் தேவாரப் பண்கள் இன்றும் உயிரோடு உள்ளன. ஆயின், காதலையும் ஊடலையும் கடலையும் பாடிய நம் பாட்டுகளுக்கு ஓதுவார் யார்? கோயிலுக்கு வெளியே பிறந்த தமிழிசைக்குக் காவலர் யார்? இதுவே என் வினா.

மேலை நாட்டார் செய்ததைக் கேளுங்கள். செருமனியின் பவேரியப் பகுதியில் ஒரு பழந்துறவியர் மடத்தில் 1803-ஆம் ஆண்டில் ஓர் ஏட்டுச்சுவடி கண்டெடுக்கப்பெற்றது. ஏறத்தாழ 1230-இல் எழுதப்பெற்றது அது. 'கார்மினா புரானா' என்பது அதற்குப் பின்னாளில் இட்ட பெயர். துறவியர் மடத்தில் கிடைத்தாலும் அதிலுள்ளவை பெரும்பாலும் வழிபாட்டுப் பாட்டுகள் அல்ல. காதலும் கள்ளும் சூதும் உலகியல் எள்ளலும் நிறைந்த இலத்தீன் பாட்டுகள். சிலவற்றின் மேல் இசைக்குறிகள் உள்ளன. அக்குறிகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுமேயன்றி, எத்துணை ஏற்றம், எத்துணை இறக்கம் என்று காட்டா. அறிஞர்கள் சோர்ந்தனரா? இல்லை. அதே பாட்டுகள் கோடிட்ட இசைக்குறிகளோடு வேறு சுவடிகளில் கிடைத்தபோது ஒப்பிட்டு மெட்டறிந்தனர். தாமசு பிங்கிளி என்பாரின் குழுவினர், அக்காலக் கருவிகளின் படியாகச் செய்த கருவிகளை இசைத்து, 1964-இல் அப்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தனர்.

தோழர்களே! இலத்தீன் இன்று எந்தத் தாயும் தாலாட்டுப் பாடும் மொழியன்று. பேச்சு வழக்கொழிந்த மொழியின் பாட்டுக்கு அவர்கள் கருவி செய்து உயிரூட்டினர். வாழும் மொழியின் பாட்டுக்கு நாம் என் செய்தோம்?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றிகொன்ற செயலாகும். உ.வே.சா. 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளைப் பல்லாண்டு ஆய்ந்து 'யாழ் நூல்' யாத்தார். 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கம், 1949 முதல் பண்ணாராய்ச்சி நடத்தி வந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் தருண் சேகர் என்னும் கருவி வினைஞர் சென்னையில் யாழ் செய்து இசைத்துக் காட்டியுள்ளார். வழி உளது, நடப்பவர் போதவில்லை.

நம் கையில் இருப்பவை எவை? பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்னும் கணக்கு உளது. பத்தர், கோடு, போர்வைத் தோல், திவவு என உறுப்புகளின் பெயர்கள் உள்ளன. அவற்றின் வடிவை உவமையால் விளக்கும் ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. நரம்புகளைப் பண்ணுறுத்தும் முறையைச் சிலம்பும் அதன் உரைகளும் கூறுகின்றன. கானல்வரியின் தொடக்கத்தில், பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என விரல்தொழில் எட்டும் வரிசையாக வருகின்றன. ஒரு கைத்தொழிலை இத்துணை நுணுக்கமாக எழுதி வைத்த இனம் நம் இனம்.

இல்லாதது எது? மெட்டு. கானல்வரியை மாதவி எவ்வாறு பாடினாள் என்று காட்டும் இசைக்குறி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. இதனை ஒளிக்காமல் சொல்லவேண்டும். யாழ் வடிவில் பெட்டி செய்து, திரைப்பாட்டு மெட்டொன்றை அதில் ஏற்றி, "ஈராயிரம் ஆண்டு இசை இதுவே" என்று முழங்குவோமாயின் உலகம் நம்மை நகைக்கும். பொய்யால் தமிழுக்குப் பெருமை சேராது. "நரம்பு முறை நூல் கூறியது; மெட்டு யாம் அமைத்தது" என்று அறிவித்துவிட்டுப் பாடுவோம். அதில் இழுக்கில்லை, நேர்மை உண்டு.

கானல்வரியை நான் இங்குக் குறிப்பிடுவதற்குக் கரணியம் உண்டு. அது கடற்கரைப் பாட்டு. வலையும் மீனும் கழியும் புன்னையும் அதன் சொற்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீங்கள் வாழும் நிலமே அப்பாட்டின் நிலம்; நெய்தல். இன்று அந்நெய்தல் எந்நிலையில் உளது? கழிமுகத்தைச் சாம்பல் தூர்க்கின்றது. 2023 திசம்பரில் புயல்வெள்ளத்தோடு வந்த கல்லெண்ணெய் எண்ணூர்க் கழியில் படர்ந்தபோது, வலையும் படகும் கருமை பூண்டன. மீனவர் பிழைப்பு இழந்தனர். மீனில்லாக் கழியில் கானல்வரியின் சொல் எப்பொருளைச் சுட்டும்? ஆதலின், கழியைக் காப்பதும் பாட்டைக் காப்பதும் ஒன்றே என்பேன்.

இவ்வூர் அம்மை மீது தியாகராசர் ஐந்து தெலுங்குப் பாடல்கள் இயற்றினார். அவை இன்றும் அரங்குகளில் ஒலிக்கின்றன. அவரை நான் பழியேன். அவர் தம் தாய்மொழியில் பாடினார். அவர்தம் மாணாக்கர் அதனைக் கைவிடாது காத்தனர். நாம் கற்கவேண்டிய பாடம் அதுவே.

இறுதியாக ஒன்று கேட்கிறேன். படகு கட்டும் மரவினைஞர் இங்கு உள்ளனர். பறைக்குத் தோல் போர்க்கும் கைகள் உள்ளன. பாடும் இளங்குரல்களை இன்று கேட்டேன். விபுலானந்தரின் நூலை நடுவில் வைத்து இவர்கள் ஒன்றுகூடட்டும். ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் ஒன்றேனும் இவ்வூரில் பிறக்கட்டும். அடுத்த கூட்டத்தில் படத்தை இறக்கிவிட்டு, அந்த யாழை மேடையேற்றுங்கள். முதலில் அது பிழைபட ஒலிக்கலாம், ஒலிக்கட்டும். பிழைபட்ட ஓசையைத் திருத்தலாம். ஓசையற்ற படத்தைத் திருத்த இயலாது.

வாழ்க தமிழ்! வளர்க இசைத்தமிழ்!