எழுத்தும் உடன்பயில்வோரும்

(ஆண்டு விழாவில் மாணவர் சார்பில் நிகழ்த்திய உரை)

 

தமிழ் எழுதக் கற்கும் எங்கள் பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். கற்றுத் தேர்ந்தவர் பேசவேண்டிய பொருள் இது. ஆயினும், நடந்துகொண்டிருப்பவனுக்கே வழியிலுள்ள கல்லும் முள்ளும் நன்கு தெரியும் என்னும் துணிவில் பேச வந்தோம்.

திருவனந்தபுரத்தில் தமிழ் எழுத்துக்குப் பழம்பெருமை உண்டு. இங்கு அந்நாளில் இருந்த மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்நூலிலிருந்து எடுக்கப்பெற்றதே. சாலைக் கடைத்தெருவில் வணிகம் நடத்திக்கொண்டே கதைகள் எழுதிய ஆ. மாதவன் 2015ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றார். இவற்றைக் கேட்கையில் எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் முன்னோர் பெருமை எங்களுக்காக ஒரு வாக்கியமேனும் எழுதித் தாராது. அதை நாங்களே எழுதவேண்டும்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். பள்ளியிலோ மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகிறோம். தமிழ் எழுத எங்களுக்கு வாய்த்த இடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றே. அங்கு ஆசிரியர் வகுத்த முறை எளியது. ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றொருவர் உரக்கப் படிக்கவேண்டும். படித்தவர், நன்று தீது என்று சொல்லுமுன், தாம் விளங்கிக்கொண்டது யாது, எவ்விடத்தில் தடுமாறினோம் என்று கூறவேண்டும். அதுவரை எழுதியவர் வாய் திறத்தலாகாது.

ஒருநாள், "வழிப்போக்கனுக்கு மூதாட்டி வெள்ளம் கொடுத்தாள்" என்றொரு வாக்கியம் வந்தது. படித்த தோழி அங்கேயே நின்றாள். "எனக்கு விளங்குகிறது, திருநெல்வேலியில் உள்ள என் பாட்டிக்கு விளங்காதே!" என்றாள். மலையாளத்தில் வெள்ளம் என்பது தண்ணீர். தமிழில் அது ஊரை அழிக்கும் பெருக்கு. அன்றுமுதல் இத்தகைய சொற்களைத் தேடித் தொகுக்கலானோம். 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. 'உத்தரம்' மலையாளத்தில் விடை; தமிழில் கூரை தாங்கும் மரம். மலையாளத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அது நமக்கு வாழ்வளிக்கும் நாட்டின் மொழி, தமிழுக்கு உடன்பிறப்பு. இரண்டையும் செம்மையாய் எழுதவேண்டும் என்பதே எங்கள் அவா. இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளையின் எழுத்தில் எது எங்கிருந்து வந்தது என்பதை, அதே இரு மொழிகளுக்கிடையே வளரும் தோழனே விரைவில் காண்கிறான்.

இம்முறை புதியதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன்கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால் கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிறையும். அங்ஙனமாயின், முக்காற்பங்கு கல்வி தோழர் கூட்டத்தில் அன்றோ இருக்கிறது?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அந்நூல் வகுத்துரைக்கிறது. அவற்றையே எங்கள் அளவுகோலாய்க் கொண்டோம். "உன் கட்டுரை நன்றாயில்லை" என்றால் மனம் சுருங்கும். "இங்கே கூறியது கூறல் உள்ளது, இங்கே மற்றொன்று விரித்திருக்கிறாய்" என்றால் கை திருந்தும். குற்றத்திற்குப் பெயர் இருப்பதால், அது ஆளைச் சுடாமல் எழுத்தைத் தொடுகிறது. வெறும் புகழ்ச்சியும் பயன் தருவதில்லை. எந்த வரி நன்று, ஏன் நன்று என்று காட்டினால்தான் எழுதியவருக்கு அது மீண்டும் கைகூடும். பிறர் கட்டுரையில் குறை கண்ட கண், வீடு சென்று தன் கட்டுரையைப் பார்க்கும்போது சும்மா இருப்பதில்லை. இதுவே நாங்கள் பெற்ற பெரும்பேறு.

பெரியோர்களே! எங்கள் கவலை ஒன்றுண்டு. பள்ளித் தேர்வு நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது தமிழ் வகுப்பே. ஒருவர் நின்றால் ஒரு கட்டுரை மட்டும் குறைவதில்லை. மற்ற அனைவரின் எழுத்துக்கும் ஒரு வாசகர் குறைகிறார். படிப்பார் இல்லாத எழுத்து நாளடைவில் நின்றுவிடும். பேச்சுத் தமிழ் மட்டும் எஞ்சினால், பாட்டியின் கடிதத்தைப் படிக்கவும் நம் வீட்டில் ஆள் இராது.

ஆதலின் வாரத்தில் ஒரு மணி நேரத்தை எங்களுக்கு விட்டுத் தாருங்கள். எங்கள் ஏடுகளை வாங்கிப் படியுங்கள். விளங்கியதைச் சொல்லுங்கள், விளங்காததையும் மறையாமற் சொல்லுங்கள். நாங்கள் திருத்தி எழுதுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!