டாம் பலகை முன்னே

வகுப்பறையில் பிறர் பிழையைத் திருத்தியே பழகியவன் நான். நாற்பத்தைந்து வயதில் மாணவனாகி, நாள்தோறும் பிழைவிட நேர்ந்தது. நான் கற்கப் போனது டாம் ஆட்டம். தாம் என்று சொல்வாரும் உண்டு.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தையற்கடை. அதன் விறாந்தையில் அறுபத்துநான்கு கட்டங்கள் கொண்ட பலகை. சோடா மூடிகளே காய்கள். ஒருவருக்கு நிமிர்ந்தவை, மற்றவருக்குக் கவிழ்ந்தவை. கடைக்காரக் காக்காவும் என் அப்பாவும் மாலைதோறும் அதில் ஆடியவர்கள். 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களோடு அது நின்றுபோயிற்று. அப்பா பிறகு அந்தக் கடைப்படி ஏறவேயில்லை. அவர் காலமான பின், காற்சட்டை தைக்கும் சாட்டில் பாண்டிருப்பிலிருந்து நான் போய் ஏறினேன்.

"இரிங்க சேர், ஒரு ஆட்டம் போடுவம்" என்றார் காக்கா.

ஆளுக்குப் பன்னிரண்டு காய்கள். கறுப்புக் கட்டங்களில் மட்டும், மூலைவாட்டாக நகரவேண்டும். எதிரியின் காய்க்கு அப்பால் இடம் வெறுமையாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ‘வெட்டலாம்’ என்றா சொன்னேன்? தவறு. வெட்டியே ஆகவேண்டும்.

அந்தக் கட்டாயத்தில்தான் புதியவன் அழிகிறான். காக்கா ஒரு காயை நீட்டினார். ஆவலோடு வெட்டினேன். மறுகணம் என் காய்கள் மூன்று ஒரே பாய்ச்சலில் போயின.

"வெட்டு வந்தா வெட்டத்தான் வேணும் சேர். அந்த இடத்துக்கு வாறத்துக்கு முந்தியே யோசிக்கணும்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் டாமைப் பற்றி மட்டுந்தான் சொன்னாரா?

இந்த ஆட்டம் நம்மிருவரில் எவருக்கும் தனியுடைமை அன்று. 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் மொழியிலும் இதன் பெயர் ‘டாம்’ என்றே தொடங்குகிறது. இதன் முன்னோடி எனப்படும் ‘அல்கிர்க்’ அரபுகளோடு ஸ்பெயினுக்குப் போனது. கஸ்தீலிய அரசன் பத்தாம் அல்போன்சோ 1283 இல் தொகுப்பித்த ஆட்டநூலில் அது இருக்கிறது. அதிலும் ஆளுக்குப் பன்னிரண்டு காய்களே.

கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஷேஃபரும் குழுவினரும் 1989 இல் தொடங்கிய ஆய்வின் முடிவை 2007 இல் வெளியிட்டார்கள். கணினிகள் ஆண்டுக்கணக்காகக் கணக்கிட்டுச் சொன்னது இது: ஆங்கில முறை டாமில் இருபக்கமும் பிழைவிடாமல் ஆடினால் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை.

இதைக் காக்காவிடம் சொன்னேன். சற்று நேரம் மூடிகளை அளைந்துகொண்டிருந்தார்.

"ஒங்கட அப்பாவும் நானும் கடைசியா ஆடின ஆட்டம் முடியல்ல சேர். ரெண்டு பேருக்கும் மும்மூணு காய் கிடந்திச்சி."

பிறகு மூடிகளை அடுக்கத் தொடங்கினார். எனக்கு நிமிர்ந்தவை, அப்பாவுக்கும் அவைதானாம்.

இன்றுவரை ஓர் ஆட்டமேனும் நான் வென்றதில்லை. காற்சட்டை எப்போதோ தைத்து முடிந்துவிட்டது. மாலையானால் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.